ஏழு அருளடையாளங்கள்: வகுப்பில் கேட்டவையும் வாசலில் கேட்டவையும்

மறைக்கல்வி வகுப்பு எடுக்கிற எங்களிடம் முக்கியமான கேள்விகள் வகுப்பில் வருவது குறைவு. பூசை முடிந்து படியிறங்கும்போது யாராவது ஓரமாகக் கூப்பிட்டு, "ஒரு சந்தேகம்" என்று தொடங்குவார்கள். அப்படிப் பல ஆண்டுகளாக வந்த கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

அருளடையாளம் என்றால் என்ன?

கண்ணுக்குத் தெரியாத கடவுளின் அருளை, கண்ணுக்குத் தெரிகிற ஒன்றின் வழியாகத் தருகிற அடையாளம். கிறிஸ்து ஏற்படுத்தியது, திருச்சபையிடம் ஒப்படைத்தது. தண்ணீர், எண்ணெய், அப்பம், இரசம், தலைமேல் வைக்கும் கை, வாயால் சொல்லும் வார்த்தை என்று எல்லாமே தொட்டுப் பார்க்கவும் காதால் கேட்கவும் கூடியவை.

சாதாரண அடையாளத்துக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வழியில் நிற்கும் பலகை ஊர் எந்தப் பக்கம் என்று காட்டும். நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்காது. அருளடையாளம் எதைக் காட்டுகிறதோ அதையே செய்கிறது. திருமுழுக்கின் தண்ணீர் கழுவுதலைக் காட்டுகிறது, உண்மையிலேயே கழுவுகிறது.

மனதுக்குள் வேண்டிக்கொண்டால் போதாதா, இந்தப் பொருட்கள் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். இயேசு பார்வையற்றவரின் கண்ணில் சேறு பூசினார். தொழுநோயாளரைத் தொட்டார். ஒரு சொல்லிலேயே முடித்திருக்கலாம், ஆனாலும் தொட்டார். நமக்கு உடம்பு இருக்கிறது என்பதை அவர் மறந்ததே இல்லை.

தேவதிரவிய அனுமானம், அருட்சாதனம் என்றெல்லாம் சொல்கிறார்களே, அவை வேறா?

வேறில்லை. பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்களே வரும். ஞானஸ்நானம் என்றால் திருமுழுக்கு, பாவசங்கீர்த்தனம் என்றால் ஒப்புரவு, அவஸ்தைப்பூசுதல் என்றால் நோயில்பூசுதல், மெய்விவாகம் என்றால் திருமணம். உறுதிபூசுதல், நற்கருணை, குருத்துவம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் ஏழு. நானும் இரண்டு வகைப் பெயர்களையும் கலந்துதான் எழுதுகிறேன், அப்படித்தான் பேசுகிறோம்.

ஏழு என்று பைபிளில் எங்கே இருக்கிறது?

பட்டியலாக எங்கும் இல்லை. 12ஆம் நூற்றாண்டில் பீட்டர் லொம்பார்து என்ற இறையியலாளர் இந்த ஏழையும் வரிசைப்படுத்தினார். 1274இல் ஆயர்கள் கூடிய லியோன் சங்கமும் 1439இல் புளோரன்ஸ் சங்கமும் அதையே சொல்லின. 1547இல் திரிதெந்து சங்கம், ஏழுதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று அறுதியிட்டது.

அப்படியானால் அதற்கு முன் இல்லையா என்றால், இருந்தது. மக்கள் பேசிக்கொண்டிருந்த மொழிக்கு இலக்கணம் பிறகு எழுதப்பட்டது போலத்தான் இதுவும். தொடக்கத் திருச்சபையில் முழுக்குக் கொடுத்தார்கள், அப்பம் பிட்டார்கள், கைகளை வைத்து ஆவியாருக்காக வேண்டினார்கள், நோயாளிகளுக்கு எண்ணெய் பூசினார்கள். எண்ணிப் பார்த்தது பின்னால். ஆர்த்தடாக்ஸ் திருச்சபைகளும் இதே ஏழைக் கொண்டாடுகின்றன என்பதைக் கவனிக்க வேண்டும். சீர்திருத்த சபைகளில் பெரும்பாலானவை திருமுழுக்கையும் திருவிருந்தையும் மட்டும் ஏற்கின்றன.

பூசை வைக்கிற குருவின் வாழ்க்கை சரியில்லை என்றால் அருளடையாளம் செல்லுமா?

செல்லும். மனம் நொந்தவர்கள் கேட்கிற கேள்வி இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

4ஆம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவில் இதே கேள்வி ஒரு பெரிய பிளவாக வெடித்தது. வேதகலாபனையின்போது, அதாவது உரோமை அரசு கிறிஸ்தவர்களைத் துன்புறுத்தியபோது, பயந்துபோய் மறைநூல்களை அரசு அதிகாரிகளிடம் கொடுத்துவிட்டவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஆயர் கொடுத்த குருப்பட்டம் செல்லாது, அந்தக் குரு கொடுத்த திருமுழுக்கும் செல்லாது என்றார்கள் தொனாத்துஸ் என்ற ஆயரின் பக்கத்தார். புனித அகுஸ்தினார் அதை ஏற்கவில்லை. பேதுரு முழுக்குக் கொடுத்தாலும் யூதாசு கொடுத்தாலும், உண்மையில் முழுக்குக் கொடுப்பவர் கிறிஸ்துவே என்பதுதான் அவருடைய வாதம். திருச்சபை இன்றுவரை அந்த வழியில் நிற்கிறது.

இதில் எவ்வளவு பெரிய ஆறுதல் இருக்கிறது பாருங்கள். என் பாவங்கள் மன்னிக்கப்பட்டனவா என்று தெரிந்துகொள்ள, எதிரே உட்கார்ந்திருக்கும் குருவின் மனசாட்சியை நான் சோதிக்க வேண்டியதில்லை. அதற்காகக் குருவின் தவறு சிறியதாகிவிடாது. அவர் கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும். குற்றமென்றால் சட்டத்துக்கும் கொடுக்க வேண்டும். பெறுகிறவருக்கும் பொறுப்பு உண்டு. மழை எல்லா நிலத்திலும் ஒன்றுபோலப் பெய்கிறது, விளைச்சல் நிலத்தைப் பொறுத்தது.

ஒன்றுமே தெரியாத பச்சைக் குழந்தைக்கு ஏன் திருமுழுக்கு? வளர்ந்து அதுவே முடிவெடுக்கட்டுமே?

நியாயமான கேள்வி. நான் இதற்குச் சொல்வது ஒன்றுதான்: அருள் என்பது சம்பாதிப்பது இல்லை என்பதைக் குழந்தையின் திருமுழுக்கைப் போல வேறு எதுவும் காட்டாது. அந்தக் குழந்தை ஒரு செபம் சொன்னதில்லை, ஒரு நற்செயல் செய்ததில்லை, கேட்கக்கூட இல்லை. கடவுள் அதைத் தம் பிள்ளையாக ஏற்கிறார். வளர்ந்தவர்களும் அப்படித்தான் பெறுகிறோம். நமக்குத்தான் ஏதோ தகுதியால் கிடைத்தது போலத் தோன்றிவிடுகிறது.

அடுத்த முறை திருமுழுக்குக்குப் போனால் ஓரமாக நிற்காமல் தொட்டிக்கு அருகில் போய் நில்லுங்கள். தாய் குழந்தையின் தலையைக் கையில் ஏந்திச் சாய்த்துப் பிடிக்கிறாள். தண்ணீர் மூன்று முறை வழிகிறது. அநேகமாக இரண்டாவது முறையில் குழந்தை வீறிட்டு அழும். பிறகு உச்சந்தலையில், ஆயர் அர்ச்சித்த நறுமண எண்ணெயான கிறிஸ்மா தைலம். வெள்ளை ஆடை. ஆலயத்தில் எரியும் பெரிய பாஸ்காத் திரியிலிருந்து ஏற்றிய ஒரு சின்ன மெழுகுதிரி தந்தையின் கைக்கு வருகிறது. சடங்கு முடிந்து குழந்தையைக் கையில் வாங்கினால், அந்தத் தைலத்தின் வாசனை தலைமுடியில் அப்படியே இருக்கும். உன்னைக் கிறிஸ்துவுக்கு உரியவன் என்று குறித்துவிட்டோம் என்பதை மூக்காலும் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு நிபந்தனை உண்டு. குழந்தையை விசுவாசத்தில் வளர்ப்பார்கள் என்ற நம்பிக்கை துளியும் இல்லாவிட்டால் குரு திருமுழுக்கைத் தள்ளிவைக்கலாம் என்று திருச்சபைச் சட்டம் சொல்கிறது. மறுப்பது வேறு, தள்ளிவைப்பது வேறு.

அவசரத்தில் குரு இல்லாவிட்டால்?

உயிருக்கு ஆபத்து என்றால் யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். தாதி, அடுத்த கட்டிலில் இருப்பவர், ஏன், கிறிஸ்தவர் அல்லாதவர்கூட. திருச்சபை செய்வதைச் செய்கிறேன் என்ற எண்ணம் இருந்தால் போதும். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே, "தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே நான் உனக்குத் திருமுழுக்கு அளிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். இதை மனப்பாடமாக வைத்திருங்கள். பிறகு பங்கில் தெரிவித்துப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

வார்த்தை கொஞ்சம் மாறினால் என்ன ஆகிவிடும்?

"நான்" என்பதற்குப் பதிலாக "நாங்கள் திருமுழுக்கு அளிக்கிறோம்" என்று சொன்னால் அது செல்லாது என்று 2020 ஆகஸ்டில் வத்திக்கான் அறிவித்தது. அந்த நேரத்தில் அமெரிக்காவில் ஒரு குரு, தன் குழந்தைப் பருவத் திருமுழுக்கின் வீடியோவைப் பார்த்தபோது, அன்று திருமுழுக்குக் கொடுத்த திருத்தொண்டர் (குருவுக்கு முந்தின நிலையில் இருப்பவர்) "நாங்கள்" என்று சொல்லியிருந்ததைக் கவனித்திருந்தார். அவருக்குத் திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருப்பட்டம் எல்லாம் புதிதாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

ஒரு சொல்லுக்கா இத்தனை என்று தோன்றும். ஆனால் அந்த "நான்" குருவின் நான் இல்லை. அங்கே பேசுவது கிறிஸ்து. கூடியிருக்கும் நாம் எல்லாரும் சேர்ந்து கொடுக்கிற வரவேற்பாக அதை மாற்றினால், விஷயமே மாறிவிடுகிறது.

திருமுழுக்குப் பெறாமல் இறந்த குழந்தை?

இதைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் தாய்மார்கள். குரல் தாழ்ந்துதான் கேட்பார்கள். "லிம்போ" என்று, மோட்சத்துக்குப் போகாமலும் துன்பப்படாமலும் அவர்கள் இருக்கும் ஓர் இடம் உண்டு என்று பழைய நாளில் பலர் கற்பித்தார்கள். திருச்சபை அதை விசுவாசக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கவில்லை. அந்தக் குழந்தைகளும் மீட்புப் பெறுவார்கள் என்று நம்புவதற்குத் தகுந்த காரணங்கள் உண்டு என்று 2007இல் பன்னாட்டு இறையியல் குழு எழுதியது. கடவுள் அருளடையாளங்களோடு மீட்பை இணைத்தார். தம்மை அவற்றுக்குள் கட்டிப்போட்டுக்கொள்ளவில்லை. அம்மா, உங்கள் பிள்ளையை நீங்கள் விரும்பியதைவிட அதிகமாக விரும்பியவர் அவர்.

ஞானப்பெற்றோராக யார் நிற்கலாம்?

பொதுவாக 16 வயது நிரம்பி, உறுதிபூசுதலும் நற்கருணையும் பெற்று, விசுவாசத்துக்கேற்ப வாழ்கிற கத்தோலிக்கர். பெற்றவர்களே நிற்க முடியாது. ஒருவர் இருந்தாலும் போதும். பரிசு கொடுக்க வசதியானவரைத் தேடாதீர்கள்; செபிக்கிறவரைத் தேடுங்கள்.

வேறு சபையில் முழுக்குப் பெற்றவர் கத்தோலிக்கராக வந்தால் மறுபடியும் கொடுப்பார்களா?

தண்ணீரும் மூவொரு கடவுளின் பெயரும் முறையாக இருந்திருந்தால் கொடுக்க மாட்டார்கள். திருமுழுக்கு ஒருமுறைதான். திருமுழுக்கு, உறுதிபூசுதல், குருத்துவம் மூன்றும் அழியாத முத்திரையைப் பதிக்கின்றன. விசுவாசத்தை விட்டே போய்த் திரும்பி வந்தாலும் முத்திரை அங்கேயே இருக்கும்.

உறுதிபூசுதலில் நாம்தானே நம் விசுவாசத்தை உறுதிப்படுத்துகிறோம்?

பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள், நானும் சின்ன வயதில் நினைத்தேன். உறுதிப்படுத்துகிறவர் தூய ஆவியார், நாம் பெற்றுக்கொள்கிறோம். ஆயர் நெற்றியில் கிறிஸ்மா தைலத்தால் சிலுவை வரைந்து, தூய ஆவியார் என்னும் கொடையின் முத்திரையைப் பெற்றுக்கொள் என்று சொல்கிறார். 1971இல் ஆறாம் பவுல் திருத்தி அமைத்த வடிவம் இது. அந்தத் தைலம் ஒலிவ எண்ணெயில் நறுமணப் பிசின் கலந்தது. புனித வியாழனன்றோ அதை ஒட்டிய ஒரு நாளிலோ ஆயர் தம் குருக்களோடு கூடி அதை அர்ச்சிக்கிறார். கீழைத் திருச்சபைகளில் குழந்தைக்குத் திருமுழுக்கோடேயே இதையும் கொடுத்துவிடுவார்கள்.

நற்கருணையில் இயேசு உண்மையாகவே இருக்கிறாரா, அல்லது நினைவுக்காகவா?

உண்மையாகவே இருக்கிறார். இதில் கத்தோலிக்க விசுவாசம் மழுப்புவதில்லை. பார்க்க அப்பம், சுவைக்க அப்பம், எடை போட்டாலும் அப்பம். ஆனால் அது எதுவாக இருக்கிறதோ அந்த உள்ளியல்பு முழுவதும் கிறிஸ்துவின் உடலாக மாறிவிடுகிறது. 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் இதற்குப் பொருள்மாற்றம் என்ற சொல்லைப் பயன்படுத்தியது. 1551இல் திரிதெந்து சங்கம் அதை விளக்கி உறுதிசெய்தது.

விளக்கத்தைவிட ஒரு காட்சி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. நன்மை, அதாவது நற்கருணை, கொடுத்து முடிந்ததும் குரு தட்டைக் கிண்ணத்தின் மேல் சாய்த்து, ஒட்டியிருக்கும் துகளை விரலால் மெதுவாகத் தட்டிவிடுகிறார். தண்ணீர் ஊற்றிக் கழுவி அதையும் குடிக்கிறார். கண்ணுக்கே சரியாகத் தெரியாத துகள் அது. யாரும் கவனிக்காத அந்த ஒரு நிமிடத்தில் திருச்சபை தன் விசுவாசம் முழுவதையும் சொல்லிவிடுகிறது. அதனால் தயவுசெய்து நன்மை வாங்கியவுடன் வெளியே போய்விடாதீர்கள்.

அப்பத்தை மட்டும் வாங்கினாலும் முழு கிறிஸ்துவையே பெறுகிறோம்.

கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் என்ன செய்வது?

கோதுமையும் திராட்சை இரசமும்தான் இருக்க வேண்டும். குளூட்டன் மிகக் குறைவாக உள்ள அப்பம் அனுமதிக்கப்பட்டது. அறவே இல்லாதது செல்லாது. 2017இல் உரோமை இதை மீண்டும் தெளிவாக்கியது. துளியும் ஒத்துக்கொள்ளாதவர்கள் இரசத்தின் வடிவில் மட்டும் வாங்கலாம். பங்குத்தந்தையிடம் முன்பே சொல்லிவைத்தால் தனிக் கிண்ணம் ஏற்பாடு செய்வார். கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

நன்மை வாங்க என்ன தேவை?

சாவான பாவம், அதாவது கடவுளோடுள்ள உறவையே முறிக்கும் பெரும் பாவம், இருந்தால் முதலில் பாவசங்கீர்த்தனம். நன்மை வாங்குவதற்கு முன் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக் கூடாது. தண்ணீரும் மருந்தும் பரவாயில்லை. முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் இந்த ஒரு மணி நேரக் கட்டாயம் இல்லை. குழந்தைகள் ஏறக்குறைய ஏழு வயதில் புதுநன்மை வாங்குவது 1910இல் பத்தாம் பத்திநாதர் செய்த மாற்றத்தால் வந்தது. அதுவரை பல இடங்களில் பத்து, பன்னிரண்டு வயதுவரை காக்க வைத்தார்கள். சாதாரண அப்பத்துக்கும் நற்கருணைக்கும் வித்தியாசம் தெரிந்தால் போதும் என்றார் அவர். நற்கருணை நல்லவர்களுக்குக் கொடுக்கிற பதக்கம் இல்லை, பசித்தவர்களுக்கான உணவு என்பதைப் புரிந்துகொண்ட பாப்பரசர்.

பாவத்தைக் கடவுளிடமே சொல்லிவிடலாமே? நடுவில் ஒரு மனிதர் எதற்கு?

கடவுளிடம் தினமும் சொல்லுங்கள், கட்டாயம் சொல்ல வேண்டும். ஆனால் உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, யாருடைய பாவங்களை நீங்கள் மன்னிப்பீர்களோ அவை மன்னிக்கப்படும் என்றார் என யோவான் எழுதுகிறார். கேட்காமல் மன்னிப்பது எப்படி?

இந்த அருளடையாளத்தின் வடிவம் ரொம்பவே மாறிவந்திருக்கிறது. முதல் நூற்றாண்டுகளில் கொலை, விபசாரம், விசுவாச மறுதலிப்பு போன்ற பெரும் பாவங்களுக்கு நீண்ட காலம் வெளிப்படையாகத் தவம் செய்ய வேண்டும். அதுவும் வாழ்நாளில் ஒரு தடவைதான் என்பது பரவலான வழக்கம். தனியாகக் குருவிடம் சொல்வதும் திரும்பத் திரும்ப வருவதும் 6ஆம் நூற்றாண்டு முதல் அயர்லாந்துத் துறவிகள் வழியாக ஐரோப்பாவில் பரவியது. ஆண்டுக்கு ஒருமுறையாவது செய்ய வேண்டும் என்ற விதி 1215இல் வந்தது. வெளிப்படையான தவத்தோடு ஒப்பிட்டால், இன்று நமக்கு இருக்கும் இந்தச் சின்னக் கூண்டும் தணிந்த குரலும் பெரிய இரக்கம்.

மனதுக்குள் சொல்லும்போது பாவம் எப்படியோ சமாதானமாகிவிடுகிறது. "சூழ்நிலை அப்படி" என்று நாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம். வாயைத் திறந்து, "நான் என் அண்ணனிடம் பொய் சொல்லிப் பணம் வாங்கினேன்" என்று சொல்லிப் பாருங்கள். நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதைத் தாண்டிச் சொல்லி முடித்ததும், "உன் பாவங்களை மன்னிக்கிறேன்" என்ற வார்த்தை வெளியிலிருந்து நம் காதுக்கு வருகிறது. நமக்கு நாமே அதைச் சொல்லிக்கொள்ள முடியாது.

சொன்னதைக் குரு யாரிடமாவது சொல்லிவிட்டால்?

சொல்லக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும், எந்த நீதிமன்றத்திலும், தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளக்கூட. நேரடியாகக் காட்டிக்கொடுக்கும் குரு அந்தச் செயலாலேயே திருச்சபையிலிருந்து விலக்கம் பெறுகிறார். கேட்டதை வைத்து உங்களிடம் நடந்துகொள்ளும் விதத்தை மாற்றவும் அவருக்கு உரிமை இல்லை. நெப்போமுக் ஊர் புனித ஜான் 1393இல் பிராகா நகரப் பாலத்திலிருந்து ஆற்றில் எறியப்பட்டார். அரசியின் பாவசங்கீர்த்தனத்தைச் சொல்ல மறுத்ததால்தான் என்று பாரம்பரியம் அவரை நினைவுகூர்கிறது.

நோயில்பூசுதல் சாகப்போகிறவர்களுக்குத்தானே?

இந்த ஓர் எண்ணத்தை மட்டும் எல்லார் மனதிலிருந்தும் எடுத்துவிட முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! "குருவைக் கூப்பிட்டால் அப்பா பயந்துவிடுவார்" என்று தள்ளிப்போட்டு, நினைவு தப்பிய பிறகு ஓடுகிறார்கள். இறந்தவர்களுக்கு இதைக் கொடுக்க முடியாது, அருளடையாளங்கள் உயிரோடிருப்பவர்களுக்கு.

நோயாளி திருச்சபையின் மூப்பர்களை அழைக்கட்டும், அவர்கள் எண்ணெய் பூசி வேண்டட்டும் என்று யாக்கோபு தன் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில் எழுதினார். காலப்போக்கில் அது மரணப் படுக்கைக்கு ஒதுங்கிவிட்டது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் இதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றது. 1972இல் புதிய சடங்குமுறை வந்தது. கடும் நோயாளிகள், பெரிய அறுவை சிகிச்சைக்குப் போகிறவர்கள், முதுமையால் தளர்ந்தவர்கள் பெறலாம். நோய் முற்றினால், அல்லது குணமாகி மறுபடி வந்தால், மறுபடியும் பெறலாம்.

ஒருமுறை குருவோடு ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தவர். நெற்றியில் பூசியாயிற்று. அடுத்து கைகளைக் கேட்டார் குரு. அவரால் விரல்களை விரிக்க முடியவில்லை. மகள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துக் கொடுத்தாள். உள்ளங்கையில் எண்ணெய்ச் சிலுவை விழுந்ததும் அவர் கையை மூடிக்கொண்டார். துடைத்துவிடப் போன மகளை விடவில்லை. அவர் அதற்குப் பிறகு எட்டு மாதம் இருந்தார், பாதிக்கு மேல் நடமாடிக்கொண்டே.

பழைய முறையில் நோயாளி குருவாக இருந்தால் புறங்கையில் பூசுவார்கள். உள்ளங்கை குருப்பட்டத்தன்றே பூசப்பட்டுவிட்டதல்லவா.

அப்படியானால் கடைசி அருளடையாளம் எது என்றால், நற்கருணை. சாகும் நேரத்தில் வழிப்பயணத்துக்கான உணவாக அதைக் கொடுக்கிறோம்.

திருமணத்தை நடத்திவைப்பது குருதானே?

இலத்தீன் திருச்சபையின் போதனைப்படி, மணமக்களே ஒருவருக்கொருவர் இந்த அருளடையாளத்தை வழங்குகிறார்கள். குரு திருச்சபையின் பெயரால் சாட்சியாக நின்று ஆசீர்வதிக்கிறார். இரகசியத் திருமணங்களால் பெண்கள் ஏமாற்றப்பட்டதால், குருவும் இரண்டு சாட்சிகளும் கட்டாயம் என்று 1563இல் திரிதெந்து சங்கம் விதித்தது. கீழைத் திருச்சபைகளில் குருவின் ஆசி இல்லாமல் திருமணம் செல்லாது.

திருமுழுக்குப் பெறாதவரை மணக்க ஆயரின் விதிவிலக்கு வேண்டும். அது செல்லத்தக்க திருமணம். ஆனால் இருவரும் திருமுழுக்குப் பெற்றிருந்தால்தான் அருளடையாளம்.

திருச்சபை விவாகரத்துக் கொடுக்கிறது என்கிறார்களே?

கொடுப்பதில்லை. கட்டாயப்படுத்திச் சம்மதம் வாங்கியது, முக்கியமான ஒன்றை வேண்டுமென்றே மறைத்தது போன்ற காரணங்களால் அந்தப் பிணைப்பு தொடக்கத்திலேயே உண்டாகவில்லை என்று விசாரித்து அறிவிக்கிறது. 2015இல் பிரான்சிஸ் பாப்பரசர் இந்த விசாரணையை எளிதாக்கினார். அப்படி அறிவித்தாலும் பிள்ளைகளின் நிலைக்குச் சட்டப்படி எந்தக் குறையும் வராது. இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் தனியாக வேதனைப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குருத்துவத்தில் எத்தனை நிலை?

மூன்று: திருத்தொண்டர், குரு, ஆயர். மூன்றும், பெறுகிறவரின் தலைமேல் ஆயர் கைகளை வைத்து வேண்டுவதால் வருகின்றன. அந்தக் கை வைக்கும் நேரத்தில் ஆலயத்தில் ஒரு சத்தமும் இருக்காது. பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தனக்கு அதிகாரம் இல்லை என்பது திருச்சபையின் நிலைப்பாடு. 1994இல் இரண்டாம் யோவான் பவுல் அதை அறுதியாகச் சொன்னார்.

ஒருவரே ஏழையும் பெற முடியுமா?

முடியும். மனைவியை இழந்தபின் குருவானவர்கள் இருக்கிறார்கள். மணமானவர்கள் நிரந்தரத் திருத்தொண்டர்களாகிறார்கள். கீழைத் திருச்சபைகள் பலவற்றில் மணமான குருக்களும் உண்டு.

தீர்த்தம், ஜெபமாலை, சாம்பல் புதனின் சாம்பல், அடக்கச் சடங்கு?

நல்லவை, ஆசீர்வதிக்கப்பட்டவை. ஆனால் அருளடையாளங்கள் இல்லை. திருச்சபையின் வேண்டுதலால் நம் மனதை அருளுக்குத் தயார்ப்படுத்துகின்றன.

பாவசங்கீர்த்தனம் செய்து இருபது வருடம் ஆகிவிட்டது. செபமே மறந்துபோயிற்று. எப்படித் தொடங்குவது?

இதைக் கேட்டாலே பாதி வழி வந்துவிட்டீர்கள். ஞாயிறு பூசைக்கு முன்னால் உள்ள நெரிசலில் போகாதீர்கள். ஒரு வாரநாளில் நேரம் கேட்டுப் போங்கள். முந்தின இரவு அமைதியாக உட்கார்ந்து, நினைவில் கனமாக இருப்பதை முதலில் எடுங்கள். தேவைப்பட்டால் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு கிழித்துவிடலாம். சாவான பாவங்களை வகையும், நினைவில் உள்ளவரை எத்தனை தடவை என்பதும் சேர்த்துச் சொல்ல வேண்டும், கதை வேண்டாம். உண்மையாகவே மறந்துபோனது மன்னிக்கப்பட்டுவிடும், வேண்டுமென்றே மறைக்க மட்டும் கூடாது.

உள்ளே போய் முழங்காலிட்டு, சிலுவை அடையாளம் வரைந்து, "சாமி, இருபது வருஷம் ஆச்சு, எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கொஞ்சம் உதவி பண்ணுங்க" என்று சொல்லுங்கள். அங்கிருந்து அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக் கூட்டிக்கொண்டு போவார். பாவத்துக்காக வருந்திச் சொல்லும் மனஸ்தாப மந்திரம் வராவிட்டால் அவர் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொன்னால் போதும்.